விதியா, மதியா?

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நானும் வெறுப்பவனே. நான் சொல்ல வருவது வேறோர் ஆட்டம். அதைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை.

ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய ‘மேஜிக்: த கேதரிங்’ 1993-இல் வெளிவந்தது. பொட்டலங்களில் விற்கும் சீட்டுகளைச் சேர்த்து, குறைந்தது 60 சீட்டு கொண்ட கட்டை ஒவ்வொருவரும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கையில் 7 சீட்டு. உயிர்ப் புள்ளி 20. எதிரியின் புள்ளிகளைக் கரைத்தவர் வென்றவர். கலைத்த கட்டிலிருந்து எந்தச் சீட்டு எப்போது வரும் என்பதை எவரும் அறியார். ஆகவே, தோற்றவன் வாயில் முதலில் வரும் சொல் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்பதே. விடுதியில் நான் அதைச் சொல்லாத மாலை குறைவு.

1999-இல் மைக்கேல் ஃபுளோரஸ் என்னும் ஆட்டக்காரர் ஒரு கட்டுரை எழுதினார். ‘தாக்குபவர் யார்?’ என்பது அதன் தலைப்பின் பொருள். இரு கட்டுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பினும், ஒருவர் தாக்க வேண்டியவர். மற்றவர் தாங்கி நிற்க வேண்டியவர். தம் பங்கைத் தவறாக எண்ணியவர் தோற்பார் என்றார் அவர். அதை அறிவது எப்படி? அடிக்கும் வலிமை எவரிடம் மிகுதியோ, அவர் தாக்க வேண்டும். எதிரியின் படையை நீக்கும் சீட்டும், தடுக்கும் சீட்டும், மேலும் சீட்டு எடுக்க உதவும் சீட்டும் எவரிடம் மிகுதியோ, அவர் பொறுத்திருக்க வேண்டும். ஆட்டம் நீள நீள அவர் கையே ஓங்கும்.

பங்கு என்பது கட்டின் பிறவிக் குணம் அன்று. எதிரே இருப்பதோடு ஒப்பிட்டு அறிய வேண்டியது. இதைப் படித்தபின் என் தோல்விகளை எண்ணிப் பார்த்தேன். சீட்டு வராமல் தோற்றவை சில. காத்திருக்கக் கூடாத இடத்தில் காத்திருந்து தோற்றவை பல!

அப்படியானால் அதிர்ஷ்டமே இல்லையா? உண்டு. அரிய சீட்டுகளை விலை கொடுத்து வாங்க வல்லவனுக்கு வாய்ப்பும் கூடுதல்தான். ஆயினும், நம் கையில் இருந்ததை எப்படி ஆடினோம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறதே!

நண்பர்களே, அக்கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்வோம். ஊரைவிட்டு வந்த நாம், வகுப்பிலும் கருத்தரங்கிலும் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறோம். ‘ஆங்கிலம் சரளமாகட்டும், இந்தி பழகட்டும், பிறகு பேசலாம்’ என்கிறோம். முதலாண்டு முழுவதும் நானும் அப்படித்தான் இருந்தேன். என் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஐயத்தை வேறொருவர் கேட்டுப் பாராட்டுப் பெற்றார். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று அன்று சொல்லிக்கொண்டேன்.

தலையெழுத்து அன்று, பங்கை அறியாத பிழை. காத்திருப்பவனுக்குக் காலம் துணை நிற்க வேண்டும். முதுகலைப் படிப்போ இரண்டே ஆண்டு. நாள் நீள நீள நம் கை ஓங்கப் போவதில்லை, படிப்புத்தான் முடியப்போகிறது. இந்த ஆட்டத்தில் தாக்க வேண்டியவர்கள் நாமே.

சொல் தடுமாறினால் தடுமாறட்டும். அடுத்த கருத்தரங்கில் முதல் கேள்வி நம் வரிசையிலிருந்து எழட்டும்.