கறிவேப்பிலை காக்குமா?

ஒரு புறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் கடனீரேரியும் அணைத்து நிற்கும் மாம்புரி போன்ற ஊர்களிலே, ஒருவர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்தேற்றிக்கொண்டு, மயிர் உதிர்ந்து, உணவு செல்லாது வீடு திரும்பினால், அயலார் அன்போடு காய்ச்சிக் கொடுப்பது கசாயமே. அக்கசாயம் நோயாளியைக் காக்குமா என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

அங்ஙனம் ஏற்றப்படும் மருந்துகளுள் டொக்ஸோருபிசின் ஒன்று. செந்நிறமான இம்மருந்து புற்றுக் கலங்களை அழிப்பதோடு, இதயத் தசைக்கும் ஊறு விளைவிக்க வல்லது. ஏற்றிய மொத்த அளவு பெருகப் பெருக அபாயமும் பெருகுமாதலால், வைத்தியர்கள் அதனைக் கணக்கிட்டே கொடுக்கின்றனர்.

ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் கறிவேப்பிலைச் சாறு பற்றி 2020ஆம் ஆண்டிலும், கறுவாப்பட்டைச் சாறு பற்றி 2021ஆம் ஆண்டிலும் ஆய்வுகளை வெளியிட்டனர். இச்சாறுகளைப் பெற்ற வெள்ளெலிகளில், டொக்ஸோருபிசினால் இதயத்துக்கு நேர்ந்த கேடு குறைவாகவே காணப்பட்டது. நமது அடுக்களைப் பொருள்களுக்கு இத்தகைய ஆற்றல் உண்டெனில், அது மகிழ்தற்குரியதே.

ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. ஆய்வுகூடத்தில் அளந்து கொடுத்த சாறு வேறு, கைப்பிடி கணக்கில் காய்ச்சிய கசாயம் வேறு. இதயத்தைக் காக்கும் கவசம் புற்றுக் கலத்தையும் காத்துவிடலாகாதன்றோ?

நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. செயின்ட் ஜோன்ஸ் வோட் என்னும் மூலிகையை உட்கொண்ட நோயாளரின் குருதியில், இரினோட்டிக்கான் என்னும் புற்றுநோய் மருந்தின் செயலாற்றும் கூறு 42 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தினால் குருதிக் கலங்களுக்கு நேரும் கேடும் அவர்களிடம் குறைந்தது. மேலோட்டமாகப் பார்ப்போர் மூலிகை காத்தது என்றே மகிழ்வர். உண்மையிலோ, மருந்தின் வலிமையே குன்றியிருந்தது.

இதனாற் கறியிலே கறிவேப்பிலை இடுவதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. கசாயம், சூரணம், குளிகை என மருந்தாக உட்கொள்ளும்போதே எச்சரிக்கை வேண்டும். வைத்தியர் சினப்பார் என்றஞ்சி அதனை மறைப்பதே பெருந்தீங்கு. பெரியோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மாணவர்கள், வீட்டில் கொடுக்கப்படும் மூலிகையின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சென்று வைத்தியரிடம் காட்டுவார்களாக. அவர் வேண்டாமென்றால், சிகிச்சை முடியும்வரை கசாயச் சட்டி அடுப்பேறாதிருத்தலே நன்று.