ஊர் சுற்றப் போனால் உச்சி வெயிலில்தான் சுற்றணுமா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஹைதராபாத் டூர் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். போகட்டும், தப்பே இல்லை. நாலு ஊரைப் பார்ப்பது மனசுக்கும் நல்லது, பிள்ளைகளின் அறிவுக்கும் நல்லது. ஆனால், அங்கே போய் மதிய நேரத்தை இவர்கள் கழிக்கிற விதம்தான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காலையில் சார்மினார். பதினொரு மணிக்கு பிர்லா மந்திர். ஒரு மணிக்கு பிரியாணி. அந்தக் கனத்த வயிற்றோடு இரண்டு மணிக்கு கோல்கொண்டா கோட்டை! பல டூர் பட்டியல்கள் இந்த லட்சணத்தில்தான் இருக்கின்றன. மே மாதத்தில் அங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். கோட்டை உச்சிக்கோ முந்நூறுக்கும் மேற்பட்ட கல்படிகள். தாத்தா, பாட்டி, பேரன் எல்லாரும் ஏறுகிறார்கள்.

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் உண்டு. வேகம் என்றால் உடம்பு தானாகவே காட்டும் உந்துதல். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம், இளைப்பு முதலியவை இதில் அடக்கம். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் மருத்துவத்தின் அரிச்சுவடி. தாகம், சிறுநீர், இளைப்பு என்று மூன்று வேகங்களை ஒரே மதியத்தில் அடக்கிவிடுகிறோமே, இது நியாயமா?

இதில் அதிகம் அவதிப்படுவது பெண்கள்தான். 'போற இடத்துல பாத்ரூம் எப்படி இருக்குமோ' என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. வியர்வையில் நீர் போய்விடும். மிச்சம் இருக்கும் சிறுநீர் சுண்டி மஞ்சளாகும். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, எரிச்சல், அடிவயிற்று வலி என்று வந்து நிற்கிறார்கள். வயதானவர்களுக்கோ தாகமே சரியாகத் தெரியாது. அவர்கள் கேட்காவிட்டாலும் நாம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.)

"இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு ரூம்ல உட்கார்ந்திருக்கவா டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஆமாம், உட்காருங்கள்! பகல் தூக்கத்தை எங்கள் மருத்துவம் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் தூங்க வேண்டாம். காலை நீட்டி ஓய்வெடுத்தால் போதும். மதியச் சாப்பாடு தயிர்சாதமும், இஞ்சி, உப்பு போட்ட நீர்மோருமாக லேசாக இருக்கட்டும். பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. கோட்டை ஏறாத நாளில் சாப்பிடுங்கள்.

பட்டியலை இப்படி மாற்றிப் பாருங்கள். கோல்கொண்டாவைத் திறந்ததும் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். பன்னிரண்டு முதல் இரண்டரை வரை ஓய்வு. பிறகு சாலார் ஜங் மியூசியம். வெயில் படாமல், கூரைக்கு அடியில் சாவகாசமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. முக்காடு போட்ட ரெபேக்கா சிலையைப் பார்க்கத் தவறாதீர்கள். சலவைக்கல்லில் செதுக்கிய முக்காட்டுக்குள் முகம் தெரிவது போலவே இருக்கும்! 1591-ல் கட்டிய சார்மினாரையும், பக்கத்திலுள்ள லாட் பஜார் வளையல் கடைகளையும் சாயங்காலம் பார்ப்பதுதான் அழகு. பிர்லா மந்திரை மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடமும் விட்டுப்போகவில்லை, பார்த்தீர்களா?

இத்தனைக்கும் மேல் வெயிலில் யாருக்காவது தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்பு, சர்க்கரை கலந்த நீர் கொடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் கை வைத்தியம் எதுவும் வேண்டாம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன், மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கே கூட்டிப்போகிறார்கள், வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். பத்துக் குடும்பம் விடாமல் கேட்டால், டூர்க்காரர்கள் பட்டியலை மாற்றித்தானே ஆக வேண்டும்?