நண்பன் வந்துவிட்டால் கதை கெட்டுவிடுமா?

"கடைசியிலே கெடுத்துட்டாங்க அங்கிள்" என்றாள் மயூர் விஹாரில் நண்பர் வீட்டுப் பெண். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பேச்சு, 'டகோபியின் ஆதிபாவம்' என்ற ஜப்பானிய அனிமே தொடர் பற்றி. "அழுது அழுது பார்த்தேன். முடிவிலே ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடறாங்க. செத்துப்போயிருந்தா மாஸ்டர்பீஸ்." பக்கத்தில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தொடரில் ஒரு காட்சிகூடப் பார்த்திராதவர்கள் அவர்கள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை, பத்தொன்பது வயதில் சாவு பெரிய விஷயமாகத்தான் தெரியும். தலையாட்டியவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. சோகமாக முடிந்தால் உயர்ந்த கலை, நம்பிக்கையோடு முடிந்தால் சமரசம் என்ற இந்த மூடநம்பிக்கையை வளர்த்தவர்கள் அவர்களுடைய தலைமுறைக்காரர்கள்.

டைசான்-5 என்ற புனைபெயரில் ஒருவர் எழுதி வரைந்த காமிக்ஸ்தான் தொடருக்கு மூலம். 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச்சில் பதினாறே அத்தியாயங்களில் முடிந்தது. ஷின்யா ஈனோ அதை ஆறு பகுதிகளாக இயக்கிய தொடர் 2025 ஜூன் கடைசியில் வெளியாகத் தொடங்கியது. உலகத்துக்கே மகிழ்ச்சி கொடுக்கப் புறப்பட்ட டகோபி என்ற வேற்றுக்கிரக உயிர், நாலாம் வகுப்பு ஷிசுகாவைச் சந்திக்கிறது. பள்ளியில் அவளை வதைப்பவள் மரினா. மரினா வீட்டிலோ அவளுக்கு அம்மாவின் அடி. முதல் பகுதியிலேயே ஷிசுகா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். டகோபி காலத்தைப் பின்னுக்குத் திருப்பித் திருப்பிக் காப்பாற்றப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் மோசமாகிறது. விதவிதமான மாயக் கருவிகளை நீட்டிய அந்த ஜீவன் ஒரு முறையாவது உட்கார்ந்து அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டதா? இல்லை.

முடிவுக்கு வருவோம். டகோபி தன்னையே கொடுத்துக் காலத்தைக் கடைசியாக ஒரு முறை திருப்புகிறது, பிறகு அது இல்லை. நோட்டுப் புத்தகத்தின் மூலையில் ஒரு கிறுக்கல் படம். அதைப் பார்த்து ஷிசுகாவும் மரினாவும் ஏன் என்றே தெரியாமல் அழுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் சேர்ந்து பேசிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான். மரினா முகத்தில் தழும்பு அப்படியே இருக்கிறது. இரண்டு வீட்டு அம்மாக்களும் தேவதைகளாக மாறிவிடவில்லை. பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை. இதையா இனிப்பு தடவிய முடிவு என்கிறீர்கள்? சாவைத்தான் முதல் பகுதியிலேயே காட்டியாயிற்றே! அதையே ஆறாம் பகுதியிலும் காட்ட என்ன திறமை வேண்டும்?

நட்பு, சாவு என்றதும் நம்மவர்கள் கோப்பெருஞ்சோழனை இழுத்து வருவார்கள். உயிரைக் கொடுத்தால்தான் நட்பு, பாருங்கள் பிசிராந்தையாரை என்பார்கள். சரி, பார்ப்போம். பெற்ற பிள்ளைகளோடு பகை முற்றிய சோழன், உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான். பாண்டிய நாட்டிலிருக்கும், கண்ணால் பார்த்தேயிராத நண்பனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். பழக்கமே இல்லாதவர், இத்தனை தூரம், வருவாரா? பிசிராந்தையார் வந்தார். புலவர் பொத்தியாரை அசரவைத்தது எது? வருவான் என்று சொன்ன சோழனின் உறுதியும், சொன்னபடியே அவர் வந்து நின்றதும். வடக்கிருக்கத் துணிந்த பொத்தியாரையோ, மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறான் அதே சோழன். புறநானூற்றின் அந்தப் பாட்டுகளைச் சாவுக் கதையாக மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அது நம்பிக்கை பலித்த கதை. நண்பன் வந்த கதை.

தமிழ் சினிமா விமர்சனம் இந்த நோயை இன்னும் முற்ற வைத்தது. 2008இல் சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' வந்தது. பணத்துக்காக நண்பனைக் காட்டிக்கொடுக்கிறான் காசி. படம் அபாரமான படம், அதில் எனக்குச் சண்டையில்லை. அதற்குப் பிறகு வந்த கூட்டம்தான் பிரச்சினை. நண்பன் முதுகில் குத்தினால் யதார்த்தம், தோள் கொடுத்தால் செயற்கை என்று எழுதியே பழகிவிட்டார்கள். ரத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். குத்துவது மட்டும் இந்த மண்ணில் நடக்கிறதா, வருவது நடப்பதில்லையா? பிசிராந்தையார் வந்தாரே!

நல்லபடியாக முடியும் அனிமே இங்கே புதிதல்ல. இதே டெல்லியில் 1993 ஜனவரியில், சர்வதேசத் திரைப்பட விழாவில் ஓர் அனிமேயைத் திரையிட்டார்கள். யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயணப் படம். 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. முடிசூட்டோடு முடியும் படம். உத்தர காண்டத்தை விட்டது கோழைத்தனம் என்று முணுமுணுப்பவர்கள் முதலில் கம்பரிடம் போகட்டும். அவரும் அங்கேதான் நிறுத்தினார். உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பார்கள். கம்பருடைய கடைசிப் படலம் 'விடை கொடுத்த படலம்'. முடிசூடிய ராமன் சுக்கிரீவனுக்கும் வீடணனுக்கும் குகனுக்கும் பரிசு கொடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கிறான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பாடியவர், நண்பர்கள் நல்லபடியாக வீடு திரும்புவதோடு காவியத்தை முடித்திருக்கிறார். கம்பருக்குத் துயரம் எழுதத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? தயரதன் சாவைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

டெல்லியில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. பழைய ராஜேந்திர நகரில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், ஒற்றை அறையில் மூன்று கட்டில் போட்டுக்கொண்டு வாடகையைப் பங்கு பிரித்துக் கிடக்கிறார்கள். ஊரிலிருந்து போன் வரும்: "கூட இருக்கிறவன் உனக்குப் போட்டிடா, நோட்ஸைக் காட்டாதே." பெற்றவர்களே சொல்லும் புத்திமதி இது. ஒருவனுக்கு முதல்நிலைத் தேர்வு போய்விட்டால், அந்த ராத்திரி அவனோடு டீக்கடை வரை நடக்கப்போவது அந்தப் போட்டியாளன்தான். மகாராஷ்டிரத்துப் பையனோ மணிப்பூர்ப் பையனோ, மொழிகூடச் சரியாகப் புரியாத ஒருவன் அப்படி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வயசுப் பிள்ளைகளிடம் நட்பு கைவிடும், அதுதான் உண்மை, மற்றதெல்லாம் சினிமா என்று ஓதுவதற்கு யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது?

துயரமான முடிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'மூன்றாம் பிறை' படம் வேறு மாதிரி முடிந்திருக்க முடியாது. ஆனால் டகோபி கேட்ட கேள்வி வேறு: அடிபட்ட ஒரு குழந்தை, அடித்த இன்னொரு குழந்தையிடம் பேச முடியுமா? முடியும் என்று பதில் சொல்கிறது கதை. அதைத் தப்பு என்று நினைப்பவர்கள், ஏன் முடியாது என்று கதைக்குள்ளிருந்து ஒரு காரணம் காட்டட்டும். மயூர் விஹாரில் தலையாட்டிய இருவரிடமும் அன்றே கேட்டேன். ஒரு காரணமும் வரவில்லை.