நடுக்கடல் கொத்தடிமைகள்



ஆழ்கடல் மீன்பிடிப்பைப் பற்றி எழுதும்போது ஏற்றுமதிக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். 2020 மே மாதம் தென்கொரியத் தொலைக்காட்சி எம்பிசி ஒரு காட்சியை ஒளிபரப்பியது. சீனக் கப்பலின் மேல்தளத்தில் சுருக்கமான பிரார்த்தனை. அடுத்த நொடி, ஓர் உடல் கடலில் விழுகிறது. லாங் ஷிங் 629 என்ற சூரை மீன் கப்பலில் உழைத்த இந்தோனேசிய இளைஞர் அவர். அவரையும் சேர்த்து மூவரின் உடல்கள் கடலுக்கே போயின. நான்காமவர் தென்கொரியாவின் பூசான் மருத்துவமனையில் இறந்தார். தப்பியவர்கள் சொன்னது: நாளுக்கு 18 மணி நேரம் வேலை; சீன ஊழியர்களுக்கு பாட்டில் தண்ணீர், தங்களுக்கு வடிகட்டிய கடல்நீர்.

ஓடிவந்திருக்கலாமே என்கிறார்கள் சிலர். எங்கே ஓடுவது? பிடித்த மீனை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி, எரிபொருளையும் அங்கேயே நிரப்பிக்கொள்வதால், இத்தகைய கப்பல்கள் மாதக்கணக்கில் கரைப்பக்கமே வருவதில்லை. பாஸ்போர்ட் பெரும்பாலும் கேப்டன் கையில். வேலைக்கு அனுப்பிய ஏஜென்டிடம் பட்ட கடன் ஊரில்.

2021இல் லாங் ஷிங் 629 கப்பலின் நிறுவனம் பிடித்த மீனுக்கு அமெரிக்கா தடை போட்டது. நியாயமான நடவடிக்கை, ஆனால் அந்த இளைஞர்கள் செத்த பிறகு வந்தது. நடுக்கடல் கைமாற்றத்தை நிறுத்தி, ஒவ்வொரு கப்பலையும் குறிப்பிட்ட மாதங்களுக்குள் துறைமுகத்துக்கு வரவைத்து, தொழிலாளர்களைக் கேப்டன் இல்லாத இடத்தில் அவரவர் மொழியில் விசாரிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி