விலை ஏறியதா, ஏற்றினார்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள், சில நாட்களிலேயே மொழிபெயர்க்கும் வசதியைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். வெளிநாட்டு வெப்சைட் ஒன்றைத் திறக்கிறீர்கள். மேலே ஒரு சிறிய பெட்டி தோன்றி "மொழிபெயர்க்கவா?" என்று கேட்கிறது. கிளிக் செய்தால் பக்கம் முழுவதும் ஆங்கிலமாகி விடுகிறது. அருமையான வசதி, இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வந்து விழும் ஆங்கிலம் சரளமாக இருக்கிறது என்பதற்காகவே அது சரியாகவும் இருக்கும் என்று நம்பி விடுகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சோதனைக்கு ஒரு சின்ன இடம் போதும். எழுவதையும் எழுப்புவதையும் குறிக்கும் வினைச்சொற்களை எடுத்துக் கொள்வோம். மொழிகள், இத்தாலியனும் போலந்து நாட்டின் போலிஷும்.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினார்கள். ஏறியது, ஏற்றினார்கள். தமிழில் வினையின் உருவமே மாறிவிடுவதால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்திலும் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தானாக எழுந்தால் 'ரைஸ்', இன்னொருவர் எழுப்பினால் 'ரெய்ஸ்'. (சோற்றைக் குறிக்கும் ரைஸ் வேறு, தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.)

இத்தாலியனில் இந்த வேலையை 'ஸி' என்ற ஒரே ஒரு சின்னச் சொல் செய்கிறது. "மார்க்கோ அல்ட்சா லா மானோ" என்றால் மார்க்கோ கையை உயர்த்துகிறான். "மார்க்கோ ஸி அல்ட்சா" என்றால் மார்க்கோ எழுந்து நிற்கிறான். வினை மாறவில்லை, முன்னால் ஸி வந்து உட்கார்ந்ததும் பிறவினை தன்வினையாகி விட்டது. இங்கே டைப் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இத்தாலியனில் 'ஆம்' என்பதற்கும் இதே இரண்டு எழுத்துகள்தான், ஆனால் கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு உண்டு. நம் கீபோர்டில் அந்தக் கோடு இல்லையே என்று விட்டுவிட்டால் 'ஆம்' போய் ஸி வந்துவிடும். முடிந்தவரை பக்கத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்யுங்கள்.

இது வரை சொன்னதை இன்றைய சாப்ட்வேர்கள் நன்றாகவே சமாளிக்கின்றன. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. "ஸி அல்ட்சனோ இ பிரெட்ஸி" என்று ஒரு வாக்கியம். விலைகள் உயர்கின்றன என்றும் பொருள் கொள்ளலாம், விலைகளை உயர்த்துகிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். ஸி என்ற சொல்லுக்கு 'யாரோ செய்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை' என்ற இன்னொரு வேலையும் இருக்கிறது. இத்தாலியர்கள் முன்பின் வாக்கியங்களைப் பார்த்துப் புரிந்து கொள்கிறார்கள். ஆங்கிலம் அப்படி மழுப்ப விடாது. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. தேர்ந்தெடுத்தது தான்தான் என்பதை மட்டும் நம்மிடம் சொல்வதில்லை. இதுதான் என் புகார்.

விலை தானாக ஏறினால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. ஏற்றினார்கள் என்றால், ஏற்றியது யார், ஏன் என்று கேட்கலாம். வீட்டு வாடகை, கல்லூரிக் கட்டணம், மருந்து விலை என்று எதை எடுத்தாலும் வித்தியாசம் இதுவேதான். ஒரு செய்தியில் பொறுப்பாளி இருக்கிறாரா இல்லையா என்பதையே மொழிபெயர்ப்பு மாற்றி விடலாம் என்றால், அதை இலக்கணப் பண்டிதர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியுமா?

போலிஷுக்கு வாருங்கள். அங்கே ஸி செய்யும் வேலையை 'ஷெ' செய்கிறது. 'பொட்னோஷி' என்றால் உயர்த்துகிறார். 'பொட்னோஷி ஷெ' என்றால் உயர்கிறது. இந்த ஷெ ஓர் இடத்தில் சும்மா இருக்காது. வினைக்குப் பின்னால் வரும், முன்னால் வரும், சில சமயம் நடுவில் வேறு சொற்களை விட்டுத் தள்ளியும் நிற்கும். பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது அந்த ஒரு சொல் விடுபட்டால் போதும், எழுந்தவர் எழுப்பியவராகி விடுவார். ஆகவே எப்போதும் வாக்கியத்தை முழுதாக எடுங்கள்.

ஒரு விஷயத்தில் போலிஷ் இத்தாலியனை விடக் கறாரானது. "பொட்னோஷோன் ஷெ ட்செனி" என்றால் விலைகள் உயர்கின்றன. "பொட்னோஷி ஷெ ட்செனி" என்றால் விலைகளை யாரோ உயர்த்துகிறார்கள். இரண்டிலும் ஷெ இருக்கிறது. வினையின் முடிவு, பன்மையா ஒருமையா, அது மட்டும்தான் வேறு. முதலாவதில் விலைகளே எழுவாய் என்பதால் வினை பன்மை. இரண்டாவதில் விலைகள் செயப்படுபொருள், எழுவாய் இல்லை. இறந்த காலத்துக்கு 'பொட்னியேஷோனோ' என்று தனி உருவமே வைத்திருக்கிறார்கள்: உயர்த்தப்பட்டது, உயர்த்தியவர் பெயர் இல்லை. அரசு அறிவிப்புகளுக்கு ஏற்ற உருவம்!

ஆண் பெண் வித்தியாசம் இன்னொரு வேடிக்கை. இத்தாலியனில் 'ஸி எ அல்ட்சாத்தா' என்றால் எழுந்தவர் பெண், கடைசியில் 'தோ' வந்தால் ஆண். ஆனால் 'ஆ அல்ட்சாத்தோ', உயர்த்தினார், என்பதில் உயர்த்தியவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. எழுந்தால் தெரியும், எழுப்பினால் தெரியாது! போலிஷிலோ இரண்டிலும் தெரியும்: 'பொட்னியோஸ்வா' என்றால் உயர்த்தியவள் பெண்தான். இத்தாலியனில் எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம் என்பதால், ஆங்கிலத்துக்கு அவனா அவளா என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒற்றை வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் அது ஊகம்தான்.

இந்தச் சாப்ட்வேர்கள் எப்படிக் கற்றுக் கொள்கின்றன என்று தெரிந்தால் இந்தத் தவறுகள் ஆச்சரியப்படுத்தாது. 1997-ல் ஆல்டாவிஸ்டா நிறுவனம் பேபல் ஃபிஷ் என்ற சேவையைத் தொடங்கியபோது, அதன் உள்ளே இருந்த சிஸ்ட்ரான் சாப்ட்வேர் அகராதியையும் இலக்கண விதிகளையும் வைத்து வேலை செய்தது. 2006-ல் வந்த கூகுள் டிரான்ஸ்லேட் வேறு வழியில் போனது: மனிதர்கள் ஏற்கெனவே இரண்டு மொழிகளில் எழுதி வைத்த ஏராளமான ஆவணங்களை ஒப்பிட்டு, எது அதிகமாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பது. 2016-ல் அதுவும் நியூரல் முறைக்கு மாறத் தொடங்கியது. 2017-ல் வந்த டீப்எல் தொடக்கத்திலேயே இத்தாலியனையும் போலிஷையும் சேர்த்துக் கொண்டது. நியூரல் முறை வாக்கியம் முழுவதையும் பார்ப்பதால் ஆங்கிலம் மெருகேறி விட்டது. பழைய சாப்ட்வேர் தவறு செய்தால் வாக்கியமே தடுமாறும், நமக்கும் சந்தேகம் வரும். இப்போது தவறும் நல்ல ஆங்கிலத்தில் வருகிறது. பயன்படுத்துபவருக்கு இது ஒரு வகையில் பின்னடைவுதான்.

சமையல் குறிப்புகளுக்காக இத்தாலிய வெப்சைட்டுகளைப் பார்ப்பவர்கள் உண்டு. பீட்சா மாவு பொங்கி எழுவதற்கு அவர்கள் சொல்லும் வினை 'லியேவிதாரே'. 'லியேவிதோ' என்றால் ஈஸ்ட். ஆங்கிலத்தில் காற்றில் மிதப்பதைச் சொல்லும் 'லெவிடேட்' இதற்குத் தூரத்து உறவு. தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தால் மாவு அந்தரத்தில் மிதக்கும்! இதே வினையை விலைவாசிக்கும் சொல்கிறார்கள், மாவு போல உப்பிவிட்டது என்ற பொருளில். ஆங்கிலத்தில் மாவும் 'ரைஸ்', விலையும் 'ரைஸ்' என்று தட்டையாகி விடுகிறது. அர்த்தம் வந்துவிட்டது, கேலி போய்விட்டது.

பிறகு, வளர்ப்பது. ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், பிள்ளைக்கும் 'ரெய்ஸ்', கோழிக்கும் 'ரெய்ஸ்'. தமிழிலும் இரண்டையும் வளர்க்கத்தான் செய்கிறோம். இத்தாலியனின் 'அல்லேவாரே' இரண்டுக்கும் வரும். போலிஷில் மட்டும் பிள்ளைக்கு 'விஹோவிவாச்', கோழிக்கு 'ஹோடோவாச்'. போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் போலந்து நண்பர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் யோசித்து, மொழிபெயர்த்து மெயில் அனுப்பும்போது சொல் மாறி விழுந்தால், உங்கள் பிள்ளைகளைப் பண்ணையில் வளர்த்ததாக அவர் படிப்பார்.

போலிஷின் 'பொஃப்ஸ்தானியே' பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுதம் ஏந்தி எழுவதும் அதுதான், ஒரு நிறுவனம் உருவாவதும் அதுதான். 1944 ஆகஸ்ட் 1-ல் வார்சா நகரம் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்ததை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். ஒற்றைச் சொல்லாக டைப் செய்தால் எழுச்சி வருமா, தோற்றம் வருமா என்பது கம்ப்யூட்டரின் இஷ்டம்.

என்ன செய்யலாம்? ஒரு சொல்லை மட்டும் கொடுக்காமல், முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வந்த ஆங்கிலத்தை அப்படியே திருப்பி மூல மொழிக்கு மாற்றிப் பாருங்கள். ஸி, ஷெ காணாமல் போனாலோ புதிதாக முளைத்தாலோ அந்த இடத்தில் நில்லுங்கள். டீப்எல் வெப்சைட்டில் ஆங்கிலச் சொல்லின் மேல் கிளிக் செய்தால் மாற்றுச் சொற்கள் வரும்; பலர் அதைத் தொடுவதே இல்லை. இத்தாலியனுக்கு ட்ரெக்கானி, போலிஷுக்கு பி.டபிள்யூ.என். என்று இரண்டு நல்ல அகராதிகள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டுமென்றால் விக்‌ஷனரி இருக்கிறது.

இந்தச் சேவைகளை நடத்தும் நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு பொருள் இருக்கும் வாக்கியம் வந்தால், இரண்டையும் காட்டட்டும். எழுத்துப்பிழை வந்தால் சொல்லின் அடியில் சிவப்புக் கோடு போடத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, "இங்கே நான் ஊகித்திருக்கிறேன்" என்று ஒரு மஞ்சள் கோடு போடுவது முடியாத காரியமா? அது வரும் வரை, ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்றோ 'ரெய்ஸ்' என்றோ கண்ணில் படும் இடங்களில், மஞ்சள் கோட்டை நாமே மனதில் போட்டுக் கொள்ள வேண்டியதுதான்.