துன்பம் நூல் எழுதுமா?

துன்பமே படைப்பின் ஊற்று என்பார் உளர். நோயும் சிறையும் வறுமையும் இல்லையேல் உயர்ந்த இலக்கியம் பிறவாது என மேடைதோறும் முழங்கப்படுகின்றது. கேட்பதற்கு இனிய இக்கூற்றை உரைத்துப் பார்ப்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக்குடா தக்கதொரு சான்றினை வழங்குகின்றது.

1659 நவம்பரில் இந்தியாவின் கிழக்குக் கரையில் வீசிய புயலிலே 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் பொருத்துவதற்காகவே அது கொட்டியாரக்குடாவை அடைந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் உள்ளிட்ட பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். தந்தை நோயுற்று 1661 இல் இறந்தார். மகனையும் காய்ச்சல் வாட்டியது. தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் அவர் சீவித்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின், 1679 இல், ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச்சென்றார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தின் வாழ்வை அறிவதற்கு இன்றும் இன்றியமையாத ஆதாரமாகும்.

துன்பம் ஈந்த பரிசு இதுவன்றோ எனத் துன்பத்தைப் போற்றுவோர் மகிழலாம். ஆயின், சிறைப்பட்டோர் பதினாறு பேர், நூலோ ஒன்று. துன்பமே நூலாசிரியனாயின் ஏனைய பதினைந்து நூல்கள் எங்கே? தந்தையாருக்கு அது அளித்தது புதைகுழியே. மகன் தம் நூலை எழுதியதும் சிறையிலன்று. விடுதலைபெற்றுத் தாயகம் திரும்பிய கப்பலிலேயே. அறிவியலறிஞர் றொபேட் ஹூக் அதனை வெளியிடத் துணைநின்று முன்னுரையும் வழங்கினார். எழுத்தறிவு, ஓய்வு, அறிஞர் துணை, அச்சகம் ஆகியனவே அநுபவத்தை நூலாக்கின. துன்பம் பொருளைத் தந்தது, கருவியைத் தரவில்லை.

இதே மூதூர் மண்ணில் 1925 இல் பிறந்த வ. அ. இராசரத்தினம், கடலோர மக்களின் வாழ்வைத் 'தோணி' முதலிய சிறுகதைகளில் வடித்தார். அவர் ஆசிரியத் தொழில் புரிந்தவர். கரைவலை இழுத்தோர் அவரினும் குறைவாகத் துன்புற்றார் அல்லர். கல்வியும் ஓய்வும் அவர்க்குக் கிட்டவில்லை என்பதே வேறுபாடு.

2004 இன் கடற்கோளையும் 2006 இன் போரையும் இடப்பெயர்வையும் இம்மக்கள் தாங்கினர். துன்பம் கலைஞனை ஆக்குமெனின் மூதூர் இந்நேரம் உலகின் இலக்கியத் தலைநகராய் இருத்தல் வேண்டும். அவர்களை நோக்கித் துன்பத்தால் பண்படுவீர் எனப் போதித்தல் ஆறுதலன்று, அவமதிப்பே. அத்தகைய போதனை, துன்பத்தைக் களையவேண்டியோரை அவர்தம் கடமையினின்றும் விடுவிக்கின்றது.

இடுக்கணிலும் படைத்தோர் உளர் என்பதை எவரும் மறுத்திலர். அது மனிதனின் வெற்றி, துன்பத்தின் கொடையன்று. பல்கலைக்கழகங்கள் துன்பத்திற்குப் புகழ்மாலை சூட்டுவதை நிறுத்துக. துன்புற்றோர் கைக்கு எழுதுகோலும் அவர்தம் ஊருக்கு நூலகமும் சென்றடைய வழிசெய்க. எழுதப்படாத அந்தப் பதினைந்து நூல்களின் நட்டத்தை இன்னொரு தலைமுறையும் சுமத்தல் தகாது.