ஜீனோவைக் கொஞ்சம் விடுங்க, நிலாவைப் பாருங்க

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வாசிச்சவங்ககிட்ட யாரைப் பிடிச்சதுன்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் ஜீனோன்னுதான் சொல்லுவாங்க. முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் சொன்னேன். புத்தகம் படிக்கிற, கிண்டல் பேசுற இயந்திர நாயை யாருக்குத்தான் பிடிக்காது? மனுசங்களைவிட மனிதத்தன்மை உள்ள இயந்திரம்னு ஒரு வரியில் விமர்சனத்தையும் முடிச்சிடலாம். இரண்டாம் தடவை வாசிச்சப்போ அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல் இது. ஆனால் கதை நடப்பது நாம் வாழும் 2020-களில். நாடு ஜீவா என்ற சர்வாதிகாரியின் கையில். பிள்ளை பெற அரசிடம் அனுமதி வாங்க வேணும். வயசானவங்களுக்கு வாழ அனுமதி இல்லை. எல்லோருக்கும் இரண்டெழுத்தில்தான் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ.

இந்தப் பெயர் விஷயத்தில் நான் அப்படியே நின்னுட்டேன். எங்க ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைஞ்சா 'அரைப்பேர்'. காலையிலிருந்து மலையில் நின்ன ஒரு மனுசி, தராசுக்கு முன்னால பாதி ஆளாகிடுறாங்க. லூல்கந்துர தோட்டமும் எங்க பக்கம்தான். அங்கே 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் வரலாற்றில் முழுசா இருக்கு. அந்த மலையில் கொழுந்து பறிச்சவங்க பெயர்களை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. சுஜாதா கற்பனை செய்த ஆட்சி எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

சரி, அந்த ஆட்சியை எதிர்க்கிற ரவியும் மனோவும் நல்லவங்களா? துணிச்சல், அறிவு, அநியாயத்தின் மேல் கோபம் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. ஆனால் காணாமல் போன கணவன் சிபியைத் தேடுகிற நிலாவின் தவிப்பு, அவங்களுக்கு ஒரு கருவியாகிடுது. கடைசியில் அவளைப் பொம்மை ராணியாக உட்கார வைத்து அதிகாரத்தைத் தாங்களே வச்சுக்கிறாங்க. ஜீவாவுக்கு மக்கள் வெறும் எண்ணிக்கை என்றால், இவங்களுக்கு நிலா வெறும் முகம். ஆட்சிதான் மாறினது, பார்வை மாறவில்லை.

ஜீனோவோ ரவியின் நாயாக வருது. 'மீண்டும் ஜீனோ'வில் அதே ரவிக்கு எதிராக நிலா பக்கம் நிற்குது. புத்தகங்கள் அதுக்கு அறிவு கொடுத்தது உண்மை. ஆனால் ரவியும் மனோவும்கூட அறிவாளிகள்தானே? அறிவு மட்டும் போதும் என்றால் அவங்களும் மாறியிருக்கணும். நான் வாசித்தபடி, ஜீனோவை ஒரு பொருளாகப் பார்க்காமல், ஒரு ஆளாக நினைச்சுப் பேசினது நிலாதான். அந்த உறவில்தான் ஜீனோ வளருது.

"நிலா யார் சொன்னாலும் நம்புற ஏமாளி"ன்னு சில நண்பர்கள் சொல்றாங்க. அவள் நம்பி ஏமாறுவது உண்மைதான். ஆனால் ஏமாத்தினவனை "கெட்டிக்காரன்"னு ரசிச்சுட்டு, ஏமாந்தவளைத் திட்டுறது என்ன நியாயம்? மலையக மக்களைப் பற்றியும் இதே பேச்சை நிறையக் கேட்டிருக்கேன். அதனால எனக்குக் கொஞ்சம் கூடவே கோபம் வருது.

வாசிக்காதவங்க இரண்டு நாவலையும் தேடி வாசிங்க. வாசிச்சவங்க இன்னொரு தடவை எடுங்க. இந்த முறை ஜீனோவின் நகைச்சுவையைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, நிலா யார்கிட்ட எப்படிப் பேசுறா, அவகிட்ட யார் எப்படிப் பேசுறாங்கன்னு மட்டும் கவனிங்க.